ஏழாம் நம்பர் வண்டி

டிசம்பர் 2, திங்கள்

காலை ஐந்து ஐம்பதுக்கு ஷெட்டுக்குப் போய்விட்டேன். நல்ல பனி. பதினான்கு பஸ்ஸில் பதின்மூன்று நேரத்துக்குக் கிளம்பின. நான்காம் நம்பருக்கு பேட்டரி இறங்கியிருந்தது. தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. பதினொன்றாம் நம்பரின் தகுதிச் சான்றிதழ் (எஃப்.சி.) இந்த மாதம் இருபத்தெட்டோடு முடிகிறது. பெயின்ட் அடிக்க விட வேண்டும்.

மதியம் ஜி.எம். சிவராமன் கூப்பிட்டார். ஜனவரி எட்டாம் தேதி, எங்கள் கம்பெனித் துணிகளை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட் வருகிறார்களாம். இந்தத் தடவை தையல் ஹாலை மட்டுமில்லாமல் தொழிலாளர்கள் வந்துபோகிற வண்டிகளையும் பார்ப்பார்களாம். "ரேணுகா, டிரைவருங்க ஃபைல் எல்லாம் பக்காவா இருக்கணும். லைசென்ஸ், கண் டெஸ்ட், எல்லாம்" என்றார். கம்பெனி வண்டிகளுக்கு நான்தானே பொறுப்பு; இருக்கிறது என்றேன்.

பெருமையாகவும் ஒன்று சொன்னார். "நம்ம மருதாசலத்தோட போட்டோவ நோட்டீஸ் போர்டுல போடுங்க. இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் கிடையாது. அவங்க வந்தா முதல்ல அதைத்தான் காட்டணும்."

ஏழாம் நம்பர் வண்டி மருதாசலண்ணனுடையது. குன்னத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஐம்பத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்.

டிசம்பர் 3, செவ்வாய்

எல்லா டிரைவர்களின் ஃபைலையும் எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது பேர். போன ஜனவரியில் நடந்த கண் பரிசோதனைப் படிவங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஏழாம் நம்பரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. எப்படி என்று மருதாசலண்ணனிடம் கேட்டேன்.

"எருமை ஒண்ணு உரசீருச்சுங் அம்மிணி. கூட்டமா ஓட்டீட்டு வந்தானுங்க."

என்னை அம்மிணி என்று கூப்பிடுகிறவர் ஷெட்டில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் மேடம்.

ஸ்டோரிலிருந்து புதுக் கண்ணாடி வாங்கி மாட்டச் சொன்னேன். மெக்கானிக் ஏணி போட்டு ஏறித்தான் மாட்டினான். அவ்வளவு உயரத்தில் எருமை எப்படி உரசும் என்று அப்புறம்தான் தோன்றியது. கொம்பாக இருக்கலாம்.

டிசம்பர் 6, வெள்ளி

வண்டிகளில் புதிதாக மாட்டிய ஜி.பி.எஸ்.ஸின் முதல் வார அறிக்கை வந்தது. மூன்றாம் நம்பர் டிரைவர் தினமும் ஒரு டீக்கடையில் பதினேழு நிமிடம் நிற்கிறான். கூப்பிட்டுக் கண்டித்தேன். ஏழாம் நம்பர், குன்னத்தூர் தாண்டியதும் வருகிற நேர்ரோட்டில் மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டரில் வருகிறது. மாட்டுவண்டி வேகம். ஷெட்டை விட்டுக் கிளம்புவதும் எல்லோரையும்விட கால் மணி நேரம் முன்னதாக.

பனிக்காக நிதானமாக ஓட்டுகிறார். அனுபவசாலி என்றால் அப்படித்தான்.

டிசம்பர் 9, திங்கள்

டிரிப் சீட்டுகளை வரிசைப்படுத்தும்போது ஏழாம் நம்பர் சீட்டில் நின்றேன். எழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருக்கிறது. மருதாசலண்ணனின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். ஆடி மாதத்திலிருந்தே குண்டெழுத்துதான். கையெழுத்து மட்டும் அவருடையது. அதுவும் கிலோமீட்டர் எழுதுகிற கட்டத்துக்குள் விழுந்திருக்கிறது.

பனிக்காலத்தில் விரல் மரத்துப்போகும் என்று நினைத்தேன். ஆடியில் ஏது பனி?

இன்று பன்னிரண்டாம் நம்பருக்கு ஆயில் மாற்றியாயிற்று. ஸ்டெப்னி இல்லாமல் ஓடுகிற வண்டி இரண்டு.

டிசம்பர் 10, செவ்வாய்

வண்டிகள் வருகிற நேரத்துக்கு கேட்டில் போய் நின்றேன். ஏழாம் நம்பர் வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செக்கிங் பிரிவில் வேலை செய்யும் துளசிமணி. நாற்பது வயதிருக்கும்.

"அங்க உக்காரக்கூடாதுன்னு எழுதியே போட்டிருக்குதே?" என்றேன்.

"குளுருக்கு வெதுவெதுன்னு இருக்குதுங் மேடம்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பின்னால் இறங்கிய பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனார்கள். மருதாசலண்ணன் கடைசியாக இறங்கினார். படியைக் காலால் தடவிவிட்டு இறங்கினார்.

டிசம்பர் 12, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஏழாம் நம்பர் இன்று நாற்பது நிமிடம் தாமதம். தையல் ஹாலில் ஒரு லைன் முழுக்க நின்றுபோய், பிரிவு மேலாளர் போனில் என்னிடம் கத்தினார்.

"டீசல் லைன்ல காத்து பூந்துருச்சுங் அம்மிணி" என்றார் மருதாசலண்ணன். மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றான்.

ஜி.பி.எஸ்.ஸைத் திறந்தேன். ஆறு இருபத்திரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தைந்து வரை வண்டி ஒரு மாரியம்மன் கோயில் முன்னால் நின்றிருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐம்பத்தைந்துக்கு நகர்ந்திருக்கிறது. சூரியன் மேலே வந்த நேரம்.

வருகைப் பதிவைப் பார்த்தேன். இன்று துளசிமணி லீவு.

அலமாரியைத் திறந்து மருதாசலண்ணனின் படிவத்தை எடுத்தேன். 'இரு கண்களிலும் பார்வை இயல்பு.' மற்ற ஃபைல்களில் படிவத்தோடு, கண்ணைச் சோதித்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் சீட்டு பின் அடித்திருக்கிறது. இதில் இல்லை. இதே மாதிரி இன்னும் நாலு ஃபைலில் இல்லை. போன ஜனவரியில் அந்தக் கண் பரிசோதனை முகாம் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையால் டிரிப் போன ஐந்து டிரைவர்கள் அதற்குள் திரும்பி வரவில்லை. மறுநாள் அனுப்பிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து ஷெட்டுக்குப் போனேன். மருதாசலண்ணன் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். கையில் டயர் கம்பெனிக் காலண்டர் ஒன்று கொண்டுபோயிருந்தேன்; அதை நீட்டி, இது என்ன தேதி என்று கேட்பதாக இருந்தேன்.

"வாங் அம்மிணி. செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுதுங்க நீங்கதான்னு" என்றார்.

காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். வைப்பர் பிளேடு மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

துளசிமணியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"திங்கக்கெழமை நீ வரல. வண்டி கோயில் முன்னாடி அரை மணி நேரம் நின்னுச்சு. ஏன்?"

சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியலையா?"

"பகல்ல தெரியுதுங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "நேரா இருக்கறது தெரியுதுங்க" என்றாள்.

பிறகு தானே சொன்னாள். ஆடி மாதத்தில் ஒருநாள் நிறுத்தத்தில் நின்றவர்களை விட்டுவிட்டு வண்டி போயிருக்கிறது. பெண்கள் சத்தம் போட்டு நிறுத்தினார்களாம். அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதிருக்கிறார். அன்றிலிருந்து துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வருகிறாள்; டிரிப் சீட்டை எழுதுவதும் அவள்தான். காலையிலும், இருட்டுகிற நேரத்துத் திரும்பும் நடையிலும். அவளுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இன்னும் இரண்டு பேர். திங்கட்கிழமை மூன்று பேருமே வரவில்லை.

"என்ன சொல்லுவ?"

"வேகத்தடை இருக்குதுண்ணா, எடப்பக்கம் சைக்கிளுண்ணா, எதுக்க லாரி வருது ஓரங்கட்டுங்கண்ணா. அவ்வளவுதானுங்க. ரோடு அவருக்கு மனப்பாடமுங்க."

"அம்பத்திரண்டு உசுரு துளசிமணி."

அதற்குத்தான் அவள் கோபப்பட்டாள். "எங்க உசுரு எங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்? அவரு ஓட்டறாருங்கறதுக்காகத்தான் எங்கூட்டுக்காரரு என்னைய வேலைக்கே உடறாரு. முன்னாடி ஓட்டுனவன் என்ன பண்ணுனான்னு உங்க ஆபீசுக்குக் கடுதாசி எழுதுனமே, யாராவது கேட்டீங்களா? இந்த அண்ணன் நாங்க சந்துக்குள்ள போயி ஊட்டுக் கதவத் தொறக்கற வரைக்கும் லைட்டப் போட்டு நிப்பாருங்க. வேற ஆளப் போட்டா எங்க ஊர்ல பாதிப் பொண்ணுங்க நாளைக்கே நின்னுக்குவாங்க."

அந்தக் கடிதம் எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் வந்தது என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங் மேடம்."

பார்க்கிறேன் என்றேன். அந்த வார்த்தையை ஏன் சொன்னேன்?

டிசம்பர் 19, வியாழன்

இன்றும் ஜி.எம்.மிடம் சொல்லவில்லை. இரண்டு முறை அவர் அறை வரை போனேன். முதல் தடவை அவரோடு வேறு ஆள் இருந்தார். இரண்டாவது தடவை அவர் தனியாகத்தான் இருந்தார்.

காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழாம் நம்பரின் புள்ளி திரையில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கேட்டுக்குள் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன். மாலையிலும் அப்படியே.

டிசம்பர் 20, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

ஐந்தரைக்கு ஷெட்டுக்குப் போய் ஏழாம் நம்பரில் ஏறினேன். "ஆடிட்டுக்காக ஒவ்வொரு வண்டியிலயும் போய்ப் பாக்கறேன்ணா" என்றேன். மருதாசலண்ணன் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். பிறகு, "உக்காருங் அம்மிணி" என்றார்.

முதல் நிறுத்தம் வரை காலி வண்டி. அவரும் நானும்தான். வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஓட்டினார். வளைவுகளை எண்ணுகிறார் என்று சற்று நேரத்தில் புரிந்தது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

துளசிமணி முதல் நிறுத்தத்தில் ஏறினாள். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள். பிறகு போய் இன்ஜின் மூடியில் உட்கார்ந்துகொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். பாட்டுப் படிப்பது போல மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஆடு போகுதுண்ணா. போயிருச்சு. மேடு. பள்ளம் வலப்பக்கம்." அவர் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பெண்கள் ஏறினார்கள். நாற்பது பேர் வண்டியில் இருந்தும் பேச்சுச் சத்தம் இல்லை. அவள் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் பேசாமல் வந்தார்கள். ஐந்து மாதமாக இப்படியே வந்திருக்கிறார்கள்.

நேர்ரோட்டுக்கு வந்ததும் நான் துளசிமணியின் தோளைத் தொட்டு, "இன்னும் எத்தனை நிறுத்தம்?" என்று கேட்டேன். அது தேவையில்லாத கேள்வி. எனக்கே தெரியும். பயத்தில் எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பி, "மூணுங்க" என்றாள்.

அந்த நேரத்தில் இடப்பக்கத் தோட்டத்து வழியிலிருந்து ஒரு மொபெட் ரோட்டுக்கு ஏறியது. இரண்டு பக்கமும் பால்கேன். நான் பார்த்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து நாற்பது குரல் ஒன்றாகக் கத்தியது. அவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸின் முனை மொபெட்டின் பின்சக்கரத்தில் இடித்தது. ஆள் ஒருபக்கம், வண்டி ஒருபக்கம். ரோடு முழுக்கப் பால்.

நான்தான் முதலில் இறங்கினேன். பால்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலும் முழங்கையும் சிராய்த்து ரத்தம். வேறொன்றும் இல்லை. நடக்கச் சொன்னேன். நடந்தார். திரும்பவும் நடக்கச் சொன்னேன்.

"கண்ணு தெரியாதா உங்காளுக்கு?" என்று கத்தினார்.

மருதாசலண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தார். பால்காரர் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துக் கும்பிட்டு, "தெரியாதுங்க" என்றார்.

அப்புறம் சாவியை என் கையில் வைத்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

மாற்று டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள். ஒரு பெண், என் பெரிய மகள் வயதிருக்கும், என்னைக் கடந்துபோகும்போது, "நீங்க ஏறாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

டிசம்பர் 21, சனி

மருதாசலண்ணனைக் கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அவர் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. மகன் குடும்பம் மைசூரில். வீட்டில் தனி ஆள். மூன்று அறைகளில் மாற்றி மாற்றிப் பரிசோதித்தார்கள்.

டாக்டர் பெண். சின்ன வயது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்திருக்கிறது என்றார். வலி இருக்காது, அதனால் தெரியாது. வலது கண்ணில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிச்சம். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் அந்த வட்டத்தைக் காப்பாற்றலாம். போனது திரும்பாது.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வலது கண்ணையும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். டிரைவர்தானே? கம்பெனில வருஷா வருஷம் டெஸ்ட் பண்ண மாட்டாங்களா?"

மருதாசலண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. நான், "பண்ணுவாங்க" என்றேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்தோம். அங்கே சொன்னேன். முகாம் அன்று அவர் டிரிப்பிலிருந்து வரவில்லை என்பதையும், மறுநாள் அனுப்பாமல் நானே படிவத்தை நிரப்பியதையும். இயல்பு என்று எழுதியது நான்தான் என்பதையும்.

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது; அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

"அன்னைக்கே என்னைய அனுப்பியிருந்தா லைசென்ஸப் புடுங்கியிருப்பாங்கல்லங்க?" என்றார்.

"ஆமாங்ண்ணா."

"அப்ப நான் உங்களத் திட்டியிருப்பன்." கொஞ்சம் டீயைக் குடித்தார். "இப்பவும் திட்டணும்போலத்தான் இருக்குது அம்மிணி. கொஞ்ச நாளைக்கு எங்கூடப் பேசாதீங்க."

வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

ஜி.எம்.மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பால்காரருக்கு ஒண்ணும் ஆகலைல்ல? போலீசுக்குப் போகலைல்ல? அப்புறம் என்ன ரேணுகா? மருதாசலம் உடம்பு சரியில்லாம நின்னுட்டாருன்னு வெச்சுக்கலாம். அந்த அஞ்சு ஃபைலுக்கும் ஜனவரி தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கிடலாம். எனக்குத் தெரிஞ்ச கடை இருக்குது."

"மிச்சம் நாலு பேரு இன்னைக்கும் ஓட்டிட்டு இருக்காங்க சார்."

"ஆடிட் முடியட்டும். அப்புறம் எல்லாரையும் டெஸ்ட் பண்ணிக்கலாம்."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் சரி என்றிருப்பேன். போன ஜனவரியில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டதும் இதுதான். நடந்ததையெல்லாம் எழுதிவைத்திருந்த கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. முதலாளிக்குக் காலையிலேயே கொடுத்தாயிற்று என்று சொன்னதும் சிவராமனின் முகம் மாறியது.

"உங்க வேலை போயிரும், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். பெரியவளுக்குக் கல்லூரி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

புது டிரைவர் கதிரவேலுவுடன் ஏழாம் நம்பர் போயிற்று. ஐம்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வந்தார்கள். துளசிமணி வரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

முதலாளி கடிதத்தைப் படித்திருக்கிறார். என் வேலை பற்றிய முடிவு ஆடிட்டுக்குப் பிறகாம். அதுவரை நான் இருக்க வேண்டும், பதினெட்டு டிரைவர்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

இன்று பரிசோதனை முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எந்த வண்டியையும் வெளியே விடவில்லை, ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் தேறவில்லை. ஒருவருக்குக் கண்ணாடி போட்டால் போதும். இன்னொருவர் சீட்டு இல்லாத அந்த நால்வரில் ஒருவர். கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்து வேனை ஓட்டுபவர். எழுத்துப் பலகையில் மூன்றாம் வரியைப் படிக்கச் சொன்னபோது, "எந்தப் பலகைங்க?" என்று கேட்டார்.

கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

துளசிமணியின் ஊருக்குப் போனேன். அவள் வீட்டு வாசலிலேயே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடிவிட்டன. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். புது டிரைவரைப் பரிசோதித்தாயிற்று, விசாரித்தாயிற்று என்றும் சொன்னேன்.

துளசிமணியின் கணவர் குறுக்கிட்டார். "கண்ணு தெரியாத ஆளுக்கும் நீங்கதானுங்க நல்லாத் தெரியுதுன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப இந்தாளு நல்லவன்னும் நீங்கதான் சொல்றீங்க. எதை நம்பறதுங்க?"

துளசிமணி கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கற வரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் அந்த வண்டியில நானே வர்றேனுங்க. கடைசிப் பொண்ணு வீட்டுக்குள்ள போன பொறவுதான் எறங்குவேன்" என்றேன்.

"நீங்க இல்லாமப் போனா?"

"அப்ப நிறுத்திக்குங்க."

யாரும் சரி என்று சொல்லவில்லை. கிளம்பும்போது துளசிமணி மட்டும் ரோடு வரை கூட வந்தாள். "அண்ணன் மருந்து போடறாருங்க. நாங்கதான் மாத்தி மாத்திப் போயி ஊத்திவிடறோம்" என்றாள்.

டிசம்பர் 30, திங்கள்

ஐந்தரைக்கே ஏழாம் நம்பரில் ஏறிவிட்டேன். கதிரவேலு நிதானமாக ஓட்டுகிறான். அப்படியும் என் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. பனியில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எட்டிப் பார்த்தேன். முதல் நிறுத்தத்தில் துளசிமணி நின்றாள். பெண்களோடு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அடுத்ததில் நாலு பேர். அதற்கடுத்ததில் யாருமில்லை. மொத்தம் முப்பத்தொன்று.

பஸ்ஸுக்குள் பேச்சுச் சத்தமாக இருந்தது. யாரோ யாரையோ கேலி செய்தார்கள்.

மருதாசலண்ணனின் ஊர் கடைசி நிறுத்தம். போர்வையைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். யாரையும் ஏற்றிவிட வந்த மாதிரி தெரியவில்லை. வண்டி நின்றதும் பெண்கள் சன்னல் வழியாக "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயர் சொன்னார். ஒன்றும் தப்பவில்லை.

நான் கூப்பிடவில்லை. பேச வேண்டாம் என்றிருக்கிறாரே. முன் சன்னலில், மூன்றடி தூரத்தில் இருந்தேன். கையை மட்டும் உயர்த்தினேன்.

வண்டி நகர்ந்தது. அவர் முகம் என்னைக் கடந்து இன்ஜின் சத்தத்தோடு திரும்பியது. "ரெண்டாவது கியர்ல இன்னுங் கொஞ்ச தூரம் போடா, முன்னாடி மேடு இருக்குது" என்று கதிரவேலுவுக்குச் சத்தம் போட்டார்.

கையை இறக்கிக்கொண்டேன்.